கைநாட்டு வைத்த முப்பத்தொரு தாள்கள்

ஜனவரி 11

அன்பு மகள் வாயாடிக்கு,

முதலில் என் எழுத்துக்கு மன்னிப்பு. சில எழுத்து பெருத்தும் சில எழுத்து இளைத்தும் போயிருக்கும். வரி நேராகத் தொடங்கிப் போகப் போக மாடிப்படி இறங்குகிறது. ‘ழ’ எழுதும்போது பேனா எங்கேயோ சுற்றிவிட்டுத் திரும்பி வருகிறது. இந்தக் கடிதத்துக்கு நான்கு நாள் ஆனது. பொறுத்துக்கொண்டு படி.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். நூலக மாடியில் மதியம் மூன்று மணிக்குப் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா நடத்துகிறார், போஸ்ட்மாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். எழுத்து கோட்டைத் தாண்டினால் ஸ்கேலால் மேசையில் ஒரு தட்டு. அவரைவிட நான் ஒன்பது வயது மூத்தவன், இருந்தாலும் அந்தத் தட்டுக்கு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறேன். உனக்குத் தெரியாமல் எட்டு மாதமாகப் போகிறேன். சொல்லிவிட்டுத் தோற்றால் அவமானம் என்று சொல்லவில்லை.

எனக்குப் பக்கத்தில் யார் என்று நினைக்கிறாய்? நெட்டை. என்னோடு ஆலையில் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் இருந்தானே, அவனேதான். வலது கையில் மூன்று விரல் இல்லை அல்லவா, அதனால் இடது கையால் எழுதுகிறான். என்னைவிட அழகாக எழுதுகிறான். எரிச்சலாக இருக்கிறது.

வெளியே போனால் இப்போது நேரத்துக்கு வீடு திரும்ப முடிவதில்லை. ஒவ்வொரு பலகையையும் நின்று படிக்கிறேன். பஸ் பலகை, மருந்துக்கடைச் சீட்டு, சுவரில் ஒட்டிக் கிழிந்த பாதி நோட்டீஸ். நம் ஆலைக் குடியிருப்பு வாசலில் ‘அன்னியர் உள்ளே வரக் கூடாது’ என்று எழுதியிருக்கிறது. முப்பத்தைந்து வருடமாக அதன் அடியில்தான் சைக்கிளை நிறுத்தினேன்.

நெட்டை கேட்டான், “உன் பொண்ணு வக்கீலா, கணக்கு டீச்சரா?” நான், “ரெண்டுக்கும் நடுவுல” என்றேன். “நடுவுல என்னடா இருக்கும், சந்துதான்” என்றான். நீ என்ன வேலை செய்கிறாய் என்று எனக்குப் புரியும்படி எழுது. போனில் கேட்டால் “சரிப்பா, சரிப்பா” என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் வைக்க முடியாது.

கழுத்து வலி தேவலையா? என் மாத்திரை ஒழுங்காகப் போகிறது.

இப்படிக்கு,
உன் அப்பா

ஜனவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கல்லூரி விலாசத்துக்கு வந்தது. உறையில் இருந்த கையெழுத்து யாருடையது என்று தெரியாமல் பிரித்தேன். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று தடவை படித்தேன். ‘ழ’ நன்றாகவே இருக்கிறது. இங்கே கழுத்து வலியைத் தவிர எல்லாம் சுகம். உங்கள் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று நீங்களே படித்து எழுதுங்கள்.

நெட்டை மாமாவுக்குப் பதில். மாடி வீட்டுக்காரர் தொட்டி நிரம்பி வழிந்து கீழ் வீட்டுக்காரர் துணியெல்லாம் நனைகிறது என்று வையுங்கள். யார் மேல் தப்பு என்று சட்டம் கேட்கும். நான் கேட்பது வேறு: இதை யார் குறைந்த சிரமத்தில் தடுத்திருக்க முடியும்? மேலே இருப்பவர் குழாயைத் திருகினால் போதும். கீழே இருப்பவர் கூரையே போட வேண்டும். ஆகவே நஷ்டத்தை மேலே இருப்பவர் தலையில் வைத்தால், அடுத்த தடவை அவரே ஓடிப்போய்க் குழாயை மூடுவார். ஒரு சட்டம் வந்தால் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று அளந்து பார்ப்பது என் வேலை. சந்து என்று சொன்னதும் தப்பில்லை. நிறையப் பேர் வந்து போகிற சந்து.

இதில் நான் எழுதிய முதல் கட்டுரையே உங்கள் ஆலையைப் பற்றியது என்று உங்களிடம் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. தொழிலாளர் அலுவலகத்தின் நிலவறையில் விபத்து அறிக்கைகள் கிடந்தன. மற்ற ஆலைகளின் கட்டுகளைக் கரையான் தின்றிருந்தது. உங்கள் ஆலையின் கட்டு மட்டும் முழுசாக இருந்தது: பதினோரு வருடம், அறுநூற்று நாற்பது அறிக்கை. அதில் நானூற்றுப் பன்னிரண்டில், அடிபட்டவரே இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றியிருந்தார். அப்படியானால் அந்த விபத்தைச் சுலபமாகத் தடுத்திருக்கக்கூடியவர் தொழிலாளிதான் என்று எழுதினேன். அந்தக் கட்டுரைதான் எனக்கு வேலை வாங்கித் தந்தது. இப்போது உட்கார்ந்திருக்கும் பேராசிரியர் நாற்காலியும் அது போட்டதுதான்.

இன்னொரு செய்தி. அது சட்டமாகப் போகிறது. தடுப்பைத் தானே கழற்றியவருக்கு இழப்பீடு கிடையாது என்று ஒரு பிரிவு எழுதியிருக்கிறார்கள். ஏப்ரலில் சட்டக் குழுவின் முன்னால் நான் போய் விளக்க வேண்டும்.

அந்த அறிக்கைகளில் முப்பத்தொன்றில் சாட்சியாக உங்கள் பெயரும் கைநாட்டும் இருந்தன. அன்றைக்கு அந்தத் தூசியில் உட்கார்ந்து உங்கள் கட்டை விரலை எண்ணினேன். இருந்ததில் எழுத்து தெளிவான ஒன்றின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் வாசிப்புப் பயிற்சிக்கு என் பரிசு.

அன்புடன்,
வாயாடி

பிப்ரவரி 6

அன்பு மகளுக்கு,

பரிசு வந்தது. பிளாஸ்டிக் உறை வாங்கி அதில் போட்டிருக்கிறேன். டைப் எழுத்து மங்கல், எறும்பு நடந்தது போல இருக்கிறது. ஆனாலும் விட்டேனா. தேதி படித்துவிட்டேன். ஆலைப் பெயர் படித்துவிட்டேன். ‘இயந்திரம் எண் நான்கு’ என்று மூன்றாவது வரி. நான்காம் நம்பரை ஒவ்வொரு வேலைக்கும் திருகி முடுக்கிச் செட் செய்வது நான்தானே. என்னைச் செட்டர் என்று கூப்பிடுவதே அதனால்தான். எத்தனையோ வருடம் கழித்து அந்த மெஷினைத் தாளில் பார்த்ததும், தெரிந்தவரைக் கல்யாணத்தில் பார்த்தது போல் இருந்தது.

நெட்டை எட்டிப் பார்த்தான். “என்னடா செட்டர், லவ் லெட்டரா?” என்றான். “என் பொண்ணு பரிசா அனுப்பினது, உனக்கெல்லாம் காட்ட முடியாது” என்று மடித்து உள்ளே வைத்தேன். அவனைச் சீண்டினால்தான் எனக்கு வகுப்பு வகுப்பாக இருக்கிறது.

நீ சொன்ன தொட்டிக் கதையை அவனிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, “மாடி வீட்டுக்காரனோட குழாய்க்குப் பூட்டு போட்டுச் சாவியை வேற யாராவது வெச்சிருந்தா?” என்று கேட்டான். உன் மாணவர்கள் இப்படிக் கேட்பார்களா?

ரத்த அழுத்தம் நூற்று நாற்பது, தொண்ணூறு. நானே படித்தேன். நாளை நான்காவது வரி.

இப்படிக்கு,
உன் அப்பா

பிப்ரவரி 27

அன்பு மகளுக்கு,

நலமா. நான் நலம். கண்ணில் நீர் வடிகிறது, அதனால் கொஞ்ச நாள் படிப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஏப்ரலில் என்ன தேதி? நீ போகாமல் இருக்க முடியுமா? அந்த அறுநூற்று நாற்பது தாளும் இன்னும் இருக்கிறதா? யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாமா?

சும்மாதான் கேட்கிறேன்.

அப்பா

மார்ச் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

கண் டாக்டரிடம் உடனே போங்கள். கீழ் வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், கூட வருவார். நீர் வடிகிறது என்று அலட்சியம் வேண்டாம்.

ஏப்ரல் 16 கூட்டம். போகாமல் எப்படி? என் கட்டுரையை வைத்துத்தான் அந்தப் பிரிவையே எழுதியிருக்கிறார்கள். அறிக்கைகளின் நகல் எல்லாம் எங்கள் நூலகக் கிடங்கில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பதினெட்டு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டாலும் பயமில்லை. அந்தக் கட்டுரை விழுந்தால் அதன் மேல் கட்டிய எல்லாமே விழும் என்று எனக்குத் தெரியும், அதனால் எண்ணிக்கையை எத்தனையோ தடவை சரிபார்த்திருக்கிறேன். ஒன்றுகூடத் தப்பில்லை.

ஏன் கேட்டீர்கள்? உங்கள் கடிதத்தில் எழுத்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறது. கண் மட்டும்தான் காரணமா?

நெட்டை மாமா கேட்ட சாவிக் கேள்வியை வகுப்பில் கேட்டேன். இருபது பேருக்கும் பதில் தெரியவில்லை.

அன்புடன்,
வாயாடி

மார்ச் 29

அன்பு மகளுக்கு,

இதற்கு முன் எழுதிக் கிழித்ததை எண்ணவில்லை. இதைக் கிழிக்க மாட்டேன்.

கண்ணுக்கு ஒன்றும் இல்லை. பொய் சொன்னேன்.

நான்காவது வரியில் அடிபட்டவன் பெயர். முழுப் பெயரும் அப்பா பெயரும் எழுதியிருந்ததால் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும்வரை எனக்கு ஆள் தெரியவில்லை. அது நெட்டை. உனக்கும் அவன் நெட்டை மாமாதானே, அந்தப் பெயர் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அதை அனுப்பியிருக்க மாட்டாய்.

அடுத்த வரிகளைப் படிக்க ஒரு வாரம் ஆனது. எழுத்து கடினமாக இருந்து அல்ல. ‘மேற்படி தொழிலாளி பாதுகாப்புத் தடுப்பைத் தானே கழற்றிவிட்டு, கவனக்குறைவாகக் கையை உள்ளே விட்டதால் காயம் ஏற்பட்டது. இதை நான் நேரில் கண்டேன்.’ அதற்குக் கீழே என் பெயர், என் விரல்.

மகளே, தடுப்பை அவன் கழற்றவில்லை. நான் கழற்றினேன்.

தடுப்பு இருந்தால் ஒரு மணி நேரத்தில் நானூறு துண்டு வரும். இல்லாவிட்டால் அறுநூறு. ஃபோர்மேன் காலையில் வந்து, “செட்டர், நாலாம் நம்பரைத் திறந்து விடு” என்பார். நான் ஸ்பேனரை எடுத்து ஆறு போல்ட்டையும் கழற்றுவேன். கழற்றிய தடுப்பெல்லாம் ஸ்டோர் அறைக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியில் கிடக்கும். சோதனை அதிகாரி வருகிறார் என்று முந்தின நாளே செய்தி வரும். அன்றைக்கு நானே மறுபடி மாட்டுவேன். தடுப்பை மாட்டினால்தான் வேலை செய்வேன் என்று ஒருவன் சொன்னான். அடுத்த நாள் அவனுக்குக் கேட்டில் வருகைக் கார்டு இல்லை, வேலை போய்விட்டது. இப்படித்தான் எல்லா மெஷினும். நீ எண்ணிய நானூற்றுப் பன்னிரண்டில் எத்தனை பேர் தாங்களே கழற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவன்கூட இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

கைநாட்டு வைத்தது எப்படி என்று கேட்பாய். முதல் தடவை டைம் ஆபீஸ் கிளார்க்கிடம், “என்ன எழுதியிருக்கு சார்?” என்று கேட்டேன். “படிச்சுப் பாரேன்” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. மை டப்பாவைத் தள்ளுவார், நான் விரலை வைப்பேன். நல்லதாக எழுதியிருக்க மாட்டார்கள் என்று உள்ளே தெரியும். என்ன என்று தெரியாது. தெரியாமல் இருப்பது வசதியாக இருந்தது.

நெட்டைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ரெண்டு சாட்சி இருக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். யார் சாட்சி என்று அவனுக்குச் சொல்லவில்லை. இப்போது தினமும் மூன்று மணிக்கு அவன் பக்கத்தில் உட்காருகிறேன். பை என் மடியில் இருக்கிறது. தாள் பைக்குள் இருக்கிறது. அவன் கை பட்டாலே திடுக்கிடுகிறது. “என்னடா, காக்கா விரட்டின மாதிரி முழிக்கிறே?” என்கிறான்.

உன் எண்ணிக்கை சரி. எண்ணியதுதான் பொய். அதில் முப்பத்தொரு பொய் உன் அப்பாவுடையது. பதினாறாம் தேதி நீ அங்கே என்ன சொல்வாய் என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா

ஏப்ரல் 7

அப்பா,

கடிதம் கிடைத்தது. உடல்நலம் விசாரிக்கக்கூட வரவில்லை, மன்னியுங்கள்.

ஒன்று ஞாபகம் வருகிறது. கட்டுரை எழுதிய வருடம் விடுமுறையில் வந்தேன். நீங்கள் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தீர்கள். “ஏம்ப்பா உங்க ஆளுங்க தடுப்பைக் கழற்றறாங்க?” என்று கேட்டேன். “அவசரம்மா” என்றீர்கள். அந்த ஒரு சொல்லை வைத்து ஒரு பக்கம் எழுதினேன். தொழிலாளி தன் அவசரத்துக்குத் தன் விரலைப் பணயம் வைக்கிறான் என்று. யாருடைய அவசரம் என்று நான் கேட்கவில்லை.

முப்பத்தொன்றிலும் ஒரே வாசகம். நேற்றுக் கிடங்குக்குப் போய் எடுத்துப் பார்த்தேன். உங்களுடையது மட்டுமல்ல, நானூற்றுப் பன்னிரண்டும் ஒரே வாசகம்தான், கமா உட்பட. இருபத்து நான்கு வயதில் அதை ‘வலுவான ஒற்றுமை’ என்று எழுதியிருக்கிறேன்.

நான் ஒரு முடிவுக்கு வரும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள். நெட்டை மாமாவிடமும். கெஞ்சிக் கேட்கிறேன்.

வாயாடி

ஏப்ரல் 21

அன்பு மகளுக்கு,

நலமா?

நூலகத்தில் பேப்பர் படித்தேன். ஐந்தாம் பக்கத்தில் சின்னதாக இருந்தது. ‘பேராசிரியர் உடல்நலக் குறைவால் வரவில்லை. அவரது கட்டுரையைக் குழு ஏற்றுப் பதிவு செய்தது.’ எழுத்துத் தெரியாத காலத்தில் என்றால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

உனக்குக் காய்ச்சலா?

காய்ச்சல் என்றால் கஞ்சி குடி. வேறு ஏதாவது என்றால் எழுது.

நான் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா

மே 10

அன்புள்ள அப்பாவுக்கு,

காய்ச்சல் இல்லை. பதினாறாம் தேதி காலையில் ஓட்டல் அறையில் செருப்பு மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். கார் வந்து கீழே நின்றது. டிரைவர் போன் செய்தார். எழுந்திருக்க முடியவில்லை. பிறகு கார் போய்விட்டது. எனக்கு இப்படிப் பயம் வரும் என்று எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் நடமாடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். மே இரண்டாம் தேதி குழுவுக்கு எழுதினேன். என் கட்டுரையின் அடிப்படைத் தாள்கள் நம்பத் தகுந்தவை அல்ல, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று. கல்லூரியிலும் சொல்லிவிட்டேன். துறைத் தலைவர், “பதினெட்டு வருஷம் கழிச்சா, மேடம்?” என்றார். என் கீழ் ஆய்வு செய்கிற இரண்டு பேர் வேறு வழிகாட்டி கேட்டிருக்கிறார்கள். நாற்காலி போகுமா என்பது ஜூலையில் தெரியும். வராந்தாவில் எதிரே யாராவது வந்தால் போனைப் பார்ப்பது போல் நிற்கிறேன்.

இதில் கொடுமை என்ன என்றால், அது எதற்கும் உதவவில்லை. குழுவின் செயலர் பதில் எழுதிவிட்டார்: ‘அறிக்கைகள் பொய் என்பதற்கு ஆதாரம் என்ன? தங்களுக்குச் சொன்னவர் யார்? அவர் எழுத்தில் தந்தால் பரிசீலிக்கப்படும். ஜூன் 30க்குள் வராவிட்டால் பிரிவு அப்படியே நீடிக்கும்.’

நம்பத் தகுந்த ஒருவர் என்று மட்டும் எழுதியிருந்தேன். உங்கள் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் பொய்ச் சாட்சி சொன்னவர் என்று ஆகிவிடும். ஆலை இன்னும் ஓடுகிறது, ஓய்வுக்குப் பிறகும் நீங்கள் வாடகை கொடுத்து இருக்கும் வீடு ஆலையுடையது. எழுபத்தொரு வயதில் எங்கே போவீர்கள்? நெட்டை மாமாவின் முகத்தில் எப்படி விழிப்பீர்கள்?

நான் அனுப்பிய தாளைக் கிழித்துப் போடுங்கள். அதை அனுப்பியது என் தப்பு. வேளைக்கு மாத்திரை போடுங்கள்.

அன்புடன்,
வாயாடி

மே 26

அன்பு மகள் வாயாடிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதப் போஸ்ட்மாஸ்டரம்மா சொல்லித் தந்தார். ஆவல் இல்லை, கவலை. ஆனாலும் நீ எழுதி அனுப்பிவிட்டாய் என்று படித்ததும், மகளே, எழுந்து வீட்டுக்குள் நடந்தேன். எனக்கு வராத தைரியம் எனக்குப் பிறந்ததற்கு வந்திருக்கிறது.

நீ சொன்னதில் இரண்டைக் கேட்கவில்லை. தாளைக் கிழிக்கவில்லை. நெட்டையிடம் சொல்லிவிட்டேன்.

வகுப்புக்கு முன்னால் நூலகப் படியில் உட்கார்ந்திருந்தான். வாயால் சொல்ல வரவில்லை, தாளை எடுத்து நீட்டினேன். “லவ் லெட்டரைக் காட்டிட்டியா” என்று சிரித்துக்கொண்டே வாங்கினான். விரலை வரிக்கு அடியில் வைத்து, வாய்விட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். தன் பெயர் வந்ததும் என்னைப் பார்த்தான். மறுபடி தொடர்ந்தான். ‘கவனக்குறைவாக’ என்ற இடத்தில் தடுக்கியது. “இது என்னடா சொல்லு?” என்று கேட்டான். நான்தான் படித்துச் சொன்னேன். என் வாயால் அந்தச் சொல்லை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

கடைசியில் என் பெயரையும் படித்தான். கைநாட்டைத் தொட்டு, “இந்த மை யாருது?” என்றான்.

“என்னுது.”

தாளை மடித்தான். நான் மடித்திருந்த அதே மடிப்பில் மடித்தான். “இத்தனை வருஷமா பக்கத்துலயே உக்காந்திருக்கே” என்றான். எழுந்து மேலே போய் வேறு பெஞ்சில் உட்கார்ந்தான். நான்கு நாள் அப்படியே. என் பக்கத்தில் அவன் இடம் காலியாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றே பேசினான். “ஸ்பேனர் உன் கையில இருந்ததுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நான்தானே அந்த மெஷின்ல நின்னேன், பாக்காமயா இருப்பேன்? ஃபோர்மேன் சொன்னான், நீ கழட்டினே. உன் இடத்துல நான் இருந்தாலும் கழட்டியிருப்பேன். அது கோபம் இல்லை.”

நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டேன். அவன் உட்காரவில்லை.

“என் சம்சாரம் சாகற வரைக்கும் கேட்டா. ‘நீங்களே ஏங்க கழட்டினீங்க’ன்னு. நான் கழட்டலைம்பேன். ‘ஆபீஸ் தாள்ல இருக்கே, கண்ணால பாத்தவங்க ரெண்டு பேர் சொல்லியிருக்காங்களே’ம்பா. என்னை நம்பலை. உன் விரலை நம்பினா.”

கதவைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு உன் செய்தியைச் சொன்னேன். குழு ஆதாரம் கேட்கிறது, ஆளைக் கேட்கிறது என்று. “உன் பொண்ணு எழுதிட்டா. நீ எப்ப எழுதப் போறே?” என்றான். பயமா இருக்குடா என்றேன். “இருக்கட்டும். பயந்துகிட்டே எழுது. நான் பாக்கறேன்.”

மூன்று நாள் எழுதினேன். அவன் எதிரில் உட்கார்ந்து ஃபோர்மேன் மாதிரி மேற்பார்வை செய்தான். ஆறு போல்ட் என்று எழுதியதும் தலையாட்டினான். மரப்பெட்டியை விட்டுவிட்டேன், “பெட்டி எங்கடா?” என்று அதட்டினான். ஃபோர்மேன் சொன்னதால் கழற்றினேன் என்று எழுதினேன். “சரி, கைநாட்டும் அவரா வெச்சார்?” என்றான். அதை நானே வைத்தேன், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் வைத்தேன் என்று தனி வரியாக எழுதினேன். என் பெயர், வயது, விலாசம் எல்லாம் இருக்கிறது. நீ யார் என்று எழுதவில்லை. கேட்டால் மகள் என்பேன்.

இன்று பதிவுத் தபாலில் போய்விட்டது. ரசீதை வாங்கியும் நகராமல் அங்கேயே நின்றேன். கவுன்டரில் இருந்த பெண், “உடம்பு சரியில்லையா தாத்தா?” என்று கேட்டாள். வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்களா, போலீஸ் வருமா, எனக்குத் தெரியாது. கேட்டில் ஜீப் சத்தம் கேட்டாலே எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். நெட்டை இன்னும் பழைய பெஞ்சுக்கு வரவில்லை. வருவான் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் இன்று வகுப்பு முடிந்து போகும்போது, “ஒண்ணுதான் முடிஞ்சிருக்கு. இன்னும் முப்பது ஆள் இருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் சொன்னது சரி. மற்ற முப்பது தாளின் நகலையும் அனுப்பிவை. எழுத்து மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. ஒன்றுக்கு ஒரு வாரம் ஆகிறது, என்னால் அதைவிட வேகமாக முடியாது. ஜூன் முடிவதற்குள் நான்கைந்து குழுவுக்குப் போகும். அதற்கு மேல் உள்ளதை அந்தந்த ஆளுக்கே எழுதுகிறேன். ஆள் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு.

நீ வராந்தாவில் போனைப் பார்க்காதே. நிமிர்ந்து நட. கழுத்துக்கும் நல்லது.

முதலில் வரும் தாளில் யார் பெயர் இருக்கிறதோ தெரியவில்லை. பிரிக்கப் பயமாக இருக்கும். பிரித்துப் படித்துவிட்டு, அவனைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.

உன் அப்பா